நாலாம் பக்கத்தில் ஒரு சொல்

கோவையில் ஒரு வங்கிக் கிளையின் வீட்டுக்கடன் மேஜை. மனு கொடுத்தவர் என் நண்பர், துணைக்குப் போனவன் நான். அச்செடுத்த சிபில் அறிக்கை அதிகாரியின் கையில் இருந்தது. முதல் பக்கத்தில் பெரிதாக 761. 750-க்கு மேல் இருந்தால் போதும் என்று ஊரெல்லாம் சொல்லக் கேட்டு வந்திருந்த நண்பருக்கு அதைப் பார்த்ததும் முகம் தெளிந்தது. அதிகாரி அந்த எண்ணில் நிற்கவே இல்லை. தாளைப் புரட்டிக்கொண்டே போனவர் நாலாம் பக்கத்தில் பேனாவை ஊன்றினார்.

"2019-ல ஒரு கார்டை செட்டில்மென்ட் பண்ணியிருக்கீங்களாட்ட இருக்குதுங்களே?"

"அது முடிஞ்சு போச்சுங்க சார். பணம் கட்டி லெட்டரே வாங்கிட்டேன்."

"முடிஞ்சதுதானுங்க. முழுசா முடியலைன்னுதான் இதுல போட்டிருக்குது."

அந்தப் பக்கத்தில் இருந்தது 'செட்டில்டு' என்ற ஒற்றைச் சொல். கிரெடிட் கார்டு கடனைக் குறைத்துப் பேசி முடித்தவர்கள் வழக்கமாகக் கேட்பது, ஸ்கோர் எத்தனை பாயின்ட் இறங்கும், திரும்ப ஏற எத்தனை வருஷம் ஆகும் என்பதுதான். அன்றைக்குப் பிறகு அந்தக் கேள்வி பாதிக் கேள்வி என்று எனக்குப் பட்டது. ஸ்கோருக்கு ஒரு ஆயுள், அறிக்கையில் இருக்கும் சொல்லுக்கு வேறொரு ஆயுள்.

நம் ஊரில் 'சிபில்' என்பது ஒரு நிறுவனத்தின் பெயர் என்பதே மறந்துபோய், ஜெராக்ஸ் மாதிரி பொதுச்சொல்லாகிவிட்டது. 2000-ல் தொடங்கிய அந்த நிறுவனம் இப்போது டிரான்ஸ்யூனியன் சிபில். அதைத் தவிர எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க் என்று இன்னும் மூன்று உண்டு. 2005-ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் இந்த நான்கும் இயங்குகின்றன. கடன் கொடுக்கும் ஒவ்வொரு நிறுவனமும் நான்கிலும் உறுப்பினராக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2015-ல் சொல்லிவிட்டது. ஆகவே ஒரு கார்டில் நடந்தது நான்கு இடத்தில் பதிவாகும். ஒரே ஆளுக்கு நான்கு இடத்தில் நான்கு ஸ்கோர் இருப்பதும் சகஜம். 300-லிருந்து 900 வரை போகும் அந்த எண்ணைக் கணக்கிடும் சூத்திரத்தை யாரும் முழுசாக வெளியில் சொல்வதில்லை. தவணை தவறாமல் கட்டினீர்களா, கிடைத்த லிமிட்டில் எவ்வளவைத் தின்றீர்கள், கடன்களுக்கு எத்தனை வயது, அவை எந்த வகை, சமீபத்தில் எத்தனை இடத்தில் கடன் கேட்டீர்கள் என்பவற்றைப் பார்க்கிறார்கள் என்பது வரை தெரியும். செட்டில்மென்ட் போட்டால் சரியாக இத்தனை பாயின்ட் போகும் என்று யூடியூபில் அடித்துச் சொல்பவர்கள் குத்துமதிப்பாகச் சொல்கிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நண்பர் கதைக்கு வருகிறேன். 2018-ல் அவர் வேலை பார்த்த கம்பெனி மூடியபோது கார்டில் 80,000 ரூபாய் நின்றது. மாதத்துக்கு மூன்றரை சதவீத வட்டி என்றால் 2,800 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, அது 504. தாமதக் கட்டணம் 750, அதற்கும் ஜிஎஸ்டி சேர்த்தால் 885. வட்டிக்கு வட்டி போடாமல் பார்த்தாலே ஒரு வருஷத்தில் 80,000 என்பது 1,30,268 ஆகிவிடுகிறது. ஆண்டுக்கு 42 சதவீதம். கார்டு வட்டி 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் ஓர் உத்தரவு போட்டிருந்தது. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. கந்துவட்டி என்று நாம் வாய்கூசாமல் சொல்லும் விகிதத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இந்த வட்டி சட்டப்படி செல்லும்.

கவனிக்க வேண்டிய விஷயம், ஸ்கோர் சரிந்தது செட்டில்மென்ட் அன்றைக்கு இல்லை. அதற்கு ஒரு வருஷம் முன்பிருந்தே சரிந்துகொண்டிருந்தது. அறிக்கையில் ஒவ்வொரு கணக்குக்குக் கீழும் மாதவாரியாகச் சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கும். கெடு தாண்டி எத்தனை நாள் என்பதை அதில் எழுதுவார்கள். டிபிடி என்று வங்கிக்காரர்கள் சொல்வது அதைத்தான். ஒழுங்காகக் கட்டிய மாதத்தில் 000. பிறகு 030, 060, 090. இப்போதுள்ள விதிப்படி கெடு முடிந்து மூன்று நாளுக்கு மேல் போனால்தான் தாமதம் என்று பதிய முடியும். தவறியவர் என்று தகவல் நிறுவனத்துக்கு அனுப்பும் முன் ஏழு நாள் நோட்டீஸ் தர வேண்டும். இரண்டும் ரிசர்வ் வங்கி 2022-ல் கொண்டுவந்த கார்டு விதிகளில் உள்ளவை. மினிமம் டியூகூடக் கட்டாமல் 90 நாள் போனால் அது வாராக்கடன். அதற்கும் பிறகு ஒருநாள் வங்கி தன் புத்தகத்தில் அதை நஷ்டமாக எழுதிவிடும். அப்போது அறிக்கையில் 'ரிட்டன் ஆஃப்' என்று விழும். வங்கி எழுதிவிட்டது, கடன் போய்விட்டது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். எழுதியது அவர்கள் கணக்குக்காக. வசூல் தொடரும்.

செட்டில்மென்ட் பேச்சு பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் வருகிறது. ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருப்பவருக்கு யாரும் தள்ளுபடி தருவதில்லை. நாலைந்து மாதம் தவறிய பிறகுதான் போன் வரும். மார்ச் மாதத்தில் ஏஜென்ட் குரலில் தேன் கொஞ்சம் கூடுதலாகச் சொட்டும், கணக்கு முடிக்கும் மாதம் அல்லவா. (அந்தப் போன் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வரக் கூடாது. அது 2022 ஆகஸ்டில் வந்த ஆணை.) நண்பரிடம் 60,000 கட்டினால் போதும் என்றார்கள். மைத்துனரிடம் வாங்கிக் கட்டினார். விட்டுக்கொடுத்த தொகை 70,268. லெட்டர் வந்தது. அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினதாகச் சொன்னார். அதை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

அறிக்கையில் என்ன நடந்தது என்றால், கணக்கு 'குளோஸ்டு' ஆகவில்லை. 'செட்டில்டு' ஆனது. பேச்சுத் தமிழில் 'செட்டில் பண்ணிட்டேன்' என்றால் பாக்கியில்லாமல் தீர்த்துவிட்டேன் என்று அர்த்தம். கடைக்காரர் பில்லை செட்டில் பண்ணுவது, பிள்ளை வெளிநாட்டில் செட்டில் ஆவது, எல்லாமே நல்ல சேதிதான். வங்கியின் அகராதியில் மட்டும் அந்தச் சொல், கொடுக்க வேண்டியதை முழுசாகக் கொடுக்காதவர் என்று பொருள்படுகிறது. ஏற்கெனவே நஷ்டமாக எழுதிய பிறகு பேசி முடித்திருந்தால் அதையும் சேர்த்தே எழுதுவார்கள். பக்கத்திலேயே செட்டில்மென்ட் தொகை, எழுதிய அசல் என்று தனித்தனி வரிகளும் உண்டு. லோக் அதாலத் மேஜையில் நீதிபதி முன்னிலையில் பேசி முடித்தாலும், தள்ளுபடி இருந்தால் சொல் இதுதான்.

இனி காலக்கணக்கு. செட்டில்மென்ட் முடிந்ததும் நடக்கும் நல்லது, புதிதாகக் கெட்டது எதுவும் சேராமல் நிற்பது. மாதாமாதம் 180, 210 என்று ஏறிக்கொண்டிருந்த கட்டங்கள் அத்தோடு நிற்கும். கட்டாமல் அப்படியே விட்ட கார்டோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். ஸ்கோரைப் போடும் இயந்திரம் பழையதைவிடப் புதியதைத்தான் கூர்ந்து பார்க்கும். ஆகவே வேறொரு கடனை ஒழுங்காகக் கட்டிக்கொண்டு வந்தால் எண் மெல்ல மெல்ல மேலே வரும். முதல் வருஷத்தில் பெரிய மாற்றம் தெரியாது. இரண்டு, மூன்று வருஷத்தில் 700-ஐத் தாண்டுபவர்கள் உண்டு. ஐந்து வருஷத்தில் என் நண்பர் 761-க்கு வந்தார். வேறு எந்தக் கடனும் இல்லாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு இது நடக்காது. பழைய காயம் மட்டுமே இருக்கும் அறிக்கையில் ஆறியதைக் காட்ட ஒன்றும் இருக்காது. செட்டில் பண்ணிய கார்டு மூடப்படுவதால் அதன் லிமிட்டும் போய்விடும். மிச்சக் கார்டில் அதே அளவு செலவு செய்தாலும் லிமிட்டில் பெரும்பகுதியைத் தின்பவர் போலத் தெரிவீர்கள்.

அறிக்கை இப்படி ஆறுவதில்லை. ஒரு கணக்குக்கு 36 மாதக் கட்டங்கள் வரை காட்டுவார்கள். நடப்பில் இருக்கும் கணக்கில் புது மாதம் சேரச் சேரப் பழைய மாதம் கழன்று விழும். மூடிய கணக்கில் கடைசியாகத் தகவல் போன மாதத்தோடு சங்கிலி உறைந்துவிடும். நண்பரின் 2018-ஆம் வருஷத்து 090-உம் 120-உம் 2024-லும் அப்படியே நின்றன. இயந்திரம் அவற்றை ஏறக்குறைய மன்னித்து 761 போட்டுவிட்டது. பேனா வைத்திருந்த மனிதர் மன்னிக்கவில்லை. வங்கிகளின் உள்விதியில் ஸ்கோருக்கு ஒரு கோடு, 'செட்டில்டு', 'ரிட்டன் ஆஃப்' கணக்குகளுக்கு வேறொரு கோடு என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். சில இடத்தில் இத்தனை வருஷம் ஆகியிருந்தால் பரவாயில்லை என்பார்கள், சில இடத்தில் தொகை சிறிதாக இருந்தால் விட்டுவிடுவார்கள், சில இடத்தில் பேச்சே கிடையாது. ஒரு வங்கியில் மறுத்த மனு தெருவில் எதிர்ப்பக்கம் பாஸாவது இதனால்தான்.

ஏழு வருஷத்தில் எல்லாம் தானாக அழிந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. அது அமெரிக்காவிலிருந்து வந்த சரக்கு. அங்கே சட்டம் பெரும்பாலான பாதகமான தகவல்களுக்கு ஏழு ஆண்டு என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. அதற்கு மேல் காட்டக் கூடாது. நம் நாட்டு விதிகளிலும் ஏழு ஆண்டு என்ற சொல் வருகிறது, ஆனால் குறைந்தது ஏழு ஆண்டு தகவலைப் பாதுகாக்க வேண்டும் என்று வருகிறது. அங்கே கூரையாக இருக்கும் எண் இங்கே தரை. இணையத்தில் ஆங்கிலக் கட்டுரையைப் படித்துவிட்டு நாள்காட்டியில் வட்டம் போட்டுக் காத்திருப்பவர்களுக்கு இந்த வித்தியாசத்தை யாரும் சொல்வதில்லை.

இன்னொரு மூன்று வருஷக் கணக்கும் இதோடு குழம்பிக்கொள்கிறது. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி இப்படிப்பட்ட கடனுக்கு வழக்குப் போட மூன்று ஆண்டுதான் அவகாசம். அது நீதிமன்றத்துக்கான கெடு. சிபில் பதிவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்தக் கெடுவுக்குள் ஏஜென்ட் தொந்தரவு தாங்காமல் 500 ரூபாய் கட்டினால், மூன்று வருஷம் அன்றிலிருந்து புதிதாக ஓட ஆரம்பிக்கலாம் என்பதையும் தெரிந்துகொண்டு கட்டுவது நல்லது.

தள்ளுபடி கொடுத்த வங்கியிடமே மறுபடி கடன் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2023 ஜூன் 8 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சமரசத் தீர்வு விதிகளில் பதில் இருக்கிறது. விவசாயக் கடன் அல்லாதவற்றில், சமரசம் செய்துகொண்டவருக்கு அதே நிறுவனம் குறைந்தது 12 மாதம் கழித்துத்தான் புதுக்கடன் தரலாம். அதற்கு மேல் எவ்வளவு என்பது அந்தந்த வங்கியின் விருப்பம். பேசிய தொகையைக் கட்ட மூன்று மாதத்துக்கு மேல் அவகாசம் கேட்டால் அது சமரசமாகவே கொள்ளப்படாது, கடன் மறுசீரமைப்பு என்று ஆகிவிடும். தவணையாகக் கட்டுகிறேன் என்று கேட்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பதிவின் ஆயுளைப் பற்றிப் பேசும்போது 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் முடிந்த ஒரு வழக்கைச் சொல்லாமல் போக முடியாது. ஸ்டேட் பாங்கில் அதிகாரி வேலைக்குத் தேர்வான ஒருவரின் நியமனத்தை, அவருடைய கடன் வரலாறு சரியில்லை என்று வங்கி 2021-ல் ரத்து செய்திருந்தது. விளம்பரம் வந்த தேதியில் தனக்கு நிலுவை எதுவும் இல்லை, வாங்கியதை எல்லாம் கட்டிவிட்டேன் என்பது அவர் வாதம். கடனைக் கடைசியில் கட்டியது போதாது, திருப்பிக் கட்டிய வரலாறே களங்கமில்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை என்று நீதிமன்றம் வங்கியின் பக்கம் நின்றது. வேலை இல்லாத காலத்தில் கடன் தவறியவனுக்கு, தவறிய காரணத்துக்காகவே வேலையை மறுப்பது எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது. பொதுப்பணத்தைக் கையாளும் வேலை என்ற எதிர்வாதத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை. எப்படிப் பார்த்தாலும், கட்டி முடித்ததும் கதை முடிந்தது என்பவர்களுக்கு அந்தத் தீர்ப்பு ஒரு பதில்.

சரி, அந்தச் சொல்லை மாற்ற முடியுமா? முடியும், காசு கொடுத்து. விட்டுக்கொடுத்த பாக்கியைக் கட்டிவிடுகிறேன் என்று பழைய வங்கிக்கு எழுத வேண்டும். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். கட்டியதும் நோ டியூ சர்டிஃபிகேட் வாங்கி, 'குளோஸ்டு' என்று தகவல் அனுப்பச் சொல்ல வேண்டும். 2022 விதிகளின்படி, தவறியவர் என்று பதிவானவர் பாக்கியைத் தீர்த்தால் 30 நாளுக்குள் வங்கி அந்த நிலையைத் திருத்தி அனுப்பியாக வேண்டும். டிபிடி கட்டங்கள் மாறாது. தலைப்புச் சொல் மாறும். வங்கி அந்தக் கடனைச் சொத்து மறுசீரமைப்பு நிறுவனம் எதற்காவது விற்றிருந்தால் அலைச்சல் இரட்டிப்பு. கிளையில் எங்களிடம் இல்லை என்பார்கள். அறிக்கையில் யார் பெயர் இருக்கிறதோ அவர்களிடமிருந்துதான் சர்டிஃபிகேட் வர வேண்டும்.

தெருமுனைக் கம்பத்தில் 'சிபில் கிளியர் செய்து தரப்படும்' என்று ஒட்டியிருக்கும் நோட்டீஸைக் கிழித்துப் போட்டுவிடலாம். உண்மையான பதிவை அழிக்கும் கருவி யாரிடமும் இல்லை. பொய்யான பதிவைத் திருத்தக் காசு தேவையில்லை. ஒவ்வொரு தகவல் நிறுவனமும் வருஷத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். தவறு இருந்தால் அங்கேயே புகார் போடலாம். 30 நாளில் தீரவில்லை என்றால் அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு, இது 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதற்கும் மேலே ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர் இருக்கிறார். 2022 செப்டம்பரிலிருந்து தகவல் நிறுவனங்களும் அவர் வரம்புக்குள் வந்துவிட்டன.

இதையெல்லாம் படித்துவிட்டு, செட்டில்மென்டே பாவம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. வேலை போய், வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவு ஓடிக்கொண்டிருக்கும்போது 42 சதவீத வட்டியோடு கௌரவத்துக்காக மல்லுக்கட்டுவதில் அர்த்தமில்லை. அடுத்த ஐந்து வருஷத்துக்குக் கடன் வாங்கும் நிலையிலேயே இல்லாதவருக்கு அந்தச் சொல்லால் பெரிய நஷ்டமும் இல்லை. எழுத்தில் வங்கி லெட்டர் வாங்கி, அதை வங்கியிலேயே கேட்டு உறுதி செய்துகொண்டு, ஏஜென்டின் ஜிபே நம்பருக்கு அனுப்பாமல் கார்டு கணக்குக்கே பணத்தைக் கட்டி முடிக்கட்டும். எனக்கு வருத்தமெல்லாம், கட்ட வழி இருந்தும் தள்ளுபடி என்ற சொல்லில் மயங்குபவர்களைப் பற்றித்தான். பீரோவில் நாலு பவுன் இருக்கும். வங்கியில் அடகு வைத்தால் வட்டி கார்டு வட்டியில் நாலில் ஒரு பங்குதான் வரும், அடகுக்கு ஸ்கோரையும் பெரிதாகப் பார்க்க மாட்டார்கள். அந்த நகைக்கடனும் சிபிலில் பதிவாகும், ஒழுங்காக மீட்டால் நல்ல பெயராகவே. நகையை எடுக்க மனம் வராமல் கார்டை செட்டில்மென்டுக்கு விடுபவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 30 லட்சம் வீட்டுக்கடன், 20 வருஷம். எட்டரை சதவீதம் என்றால் மாதத் தவணை சுமார் 26,035. அந்தச் சொல்லைப் பார்த்து வங்கி அரை சதவீதம் கூட்டி ஒன்பது போட்டால் 26,992. வித்தியாசம் மாதம் 957 ரூபாய்தான், 240 மாதத்துக்கு ஏறத்தாழ 2,30,000. நண்பருக்கு 2019-ல் கிடைத்த தள்ளுபடி 70,268.

இந்தக் கணக்கை அன்று வங்கிக்கு எதிரே டீக்கடையில், மனு படிவத்தின் பின்பக்கத்திலேயே போட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப மாப்ளைகிட்ட இன்னும் கொஞ்சம் சேர்த்து வாங்கியிருக்கலாமாட்ட இருக்குது" என்றார்.

மிச்சத்தை முழுசாகக் கட்டிவிட்டார். சர்டிஃபிகேட் வந்தது. மூன்று தகவல் நிறுவனங்களில் 'குளோஸ்டு' என்று மாறிவிட்டது. நான்காவதில் இன்னும் பழைய சொல்தான். புகார் போட்டு 30 நாள் தாண்டிவிட்டது. நேற்றுக் காலையில் வாட்ஸாப்பில் ஒரு வரி அனுப்பியிருந்தார்: "இன்னையோட 1,200 ரூபா ஆச்சு."